பொம்மைதானே என்று நினைத்தேன்!

போன இதழில் வற்றல், வடாம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "கூழ் பதம் சரியாக வந்தது" என்று எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. இந்தத் தடவை அடுப்பங்கரையை விட்டுக் கொஞ்சம் ஹாலுக்கு வருவோம்.

நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி கார்ட்டூன் படம் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றால் சிரிப்பீர்கள்தானே? நன்றாகச் சிரியுங்கள். அந்தப் பெண்மணி நான்தான்.

என் பெரியவன் இந்த வருஷம் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். சின்னவள் நாலாம் வகுப்பு. அரையாண்டு லீவில், "அம்மா, 'டாய் ஸ்டோரி' பார்க்கலாம்மா" என்று பிடிவாதம் பிடித்தாள். தினம் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு படம் என்று கணக்கு. 1995, 1999, 2010, 2019 ஆகிய வருஷங்களில் வந்த நான்கு படங்களை நான்கு ராத்திரிகளில் பார்த்தோம். நான், சின்னவள், என் மாமியார் மூன்று பேரும். இவர் மட்டும், "பொம்மைப் படத்துக்கு இவ்வளவு பெரிய மனுஷர்களா?" என்று கேட்டுவிட்டு பேப்பரோடு உட்கார்ந்தார். இரண்டாம் நாள் பேப்பர் மடியில் இருந்தது, கண் டிவியில் இருந்தது!

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆண்டி என்று ஒரு பையன். ("ஆண்டியா? பழநியிலிருந்து எப்போ அமெரிக்கா போனான்?" என்றார் என் மாமியார்.) அவனுக்கு வுடி என்று ஒரு பொம்மை. துணி உடம்பு, தலையில் தொப்பி, முதுகில் ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் பேசும். மனிதர்கள் அறையை விட்டு வெளியே போனதும் அந்த வீட்டுப் பொம்மைகளுக்கெல்லாம் உயிர் வந்துவிடும். ஆள் வரும் சத்தம் கேட்டால் இருந்த இடத்தில் அப்படியே விழுந்து கிடக்கும். வுடியை 'அது' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. 'அவன்' என்றே எழுதுகிறேன்.

முதல் படத்தில் ஆண்டியின் பிறந்த நாளுக்கு பஸ் லைட்இயர் என்ற புதுப் பொம்மை வருகிறது. விண்வெளி வீரன், பட்டனை அழுத்தினால் இறக்கை விரியும். அவ்வளவுதான், கட்டிலில் வுடி படுத்திருந்த இடம் பறிபோகிறது. வுடிக்கு வயிறு எரிகிறது.

இந்த இடத்தில் என் சின்னவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, நான் பொறந்தப்போ அண்ணன் இப்படித்தான் இருந்தானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையின் முடிச்சு அதுதானே! இரண்டாவது குழந்தை பிறந்ததும் முதல் குழந்தைக்கு வரும் ஏக்கம். அதுவரை அம்மா மடி முழுக்கத் தனக்கே என்று இருந்தவன், ஒரு நாள் காலையில் 'பெரியவன்' ஆகிவிடுகிறான். பார்க்கிற குழந்தைக்கு இது உடனே புரிகிறது. பெரியவர்களுக்கு வேறு விதமாகப் புரிகிறது. ஆபீசில் புதிதாக வந்த இளம் பையன் மேலதிகாரிக்குச் செல்லப்பிள்ளையாகிவிட்டால் பழைய ஆளுக்கு எப்படி இருக்கும்? இவர் பேப்பரை மடியில் போட்டதன் ரகசியம் இதுதான் என்று எனக்குச் சந்தேகம்!

அந்த பஸ்ஸின் பாடும் பரிதாபம்தான். தான் நிஜமான விண்வெளி வீரன் என்று நம்பிக்கொண்டிருக்கிறவன், டிவியில் தன்னைப் போலவே கடையில் விற்கும் பொம்மைகளின் விளம்பரத்தைப் பார்க்கிறான். நம்பாமல் பறந்து பார்க்கிறான். கீழே விழுந்து கை கழன்றுவிடுகிறது. குழந்தைகளுக்கு அது பறக்க முடியாத பொம்மை. நமக்கோ, 'நான் பெரிய ஆளாக வருவேன்' என்று நினைத்திருந்த வயசு ஞாபகத்துக்கு வருகிறது.

வுடியை இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் முதலில் அவனை எழுதியபோது அப்படி இல்லையாம். 1993 நவம்பரில், பாதி தயாரான படத்தை டிஸ்னி கம்பெனிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டியபோது வுடி யாருக்குமே பிடிக்காத கெட்டவனாக, எல்லோரையும் அதட்டுகிறவனாக இருந்தான். வேலையையே நிறுத்திவிட்டார்கள். டைரக்டர் ஜான் லாசட்டரும் அவருடைய பிக்ஸார் நண்பர்களும் உட்கார்ந்து கதையை மறுபடியும் எழுதினார்கள். பொறாமை அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பொறாமைக்குப் பின்னால் பயம் இருப்பதைக் காட்டினார்கள். நம் வீட்டுப் பெரிய குழந்தை தம்பியைக் கிள்ளும்போதும் இதைத்தானே பார்க்க வேண்டும்? கிள்ளுகிற கையைப் பார்த்து அடிக்கிறோம், அந்தப் பயத்தைப் பார்ப்பதில்லை.

முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவான முதல் முழு நீளப் படம் இது. பொம்மைகளைப் பற்றிக் கதை வைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு மனிதத் தோலும் தலைமுடியும் சரியாக வராது. பிளாஸ்டிக் என்றால் வழவழவென்று அழகாக வரும். கையில் இருக்கிற காய்கறிக்குத் தகுந்த குழம்பு வைக்கிறோமே, அந்த மாதிரி!

இரண்டாவது படத்தைப் பற்றி, கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்காகவே ஒரு சமாசாரம் வைத்திருக்கிறேன். 1998ல் படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால், கம்ப்யூட்டரில் இருந்த படம் மளமளவென்று அழிய ஆரம்பித்துவிட்டது. பத்திரத்துக்கு வைத்திருந்த நகலும் சரியாக வேலை செய்யவில்லை. எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, தொழில்நுட்பப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருந்த கேலின் ஸஸ்மன் என்ற அம்மாளுக்கு, தன் வீட்டில் ஒரு நகல் இருப்பது ஞாபகம் வந்தது. அவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதற்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் நகலை வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரின் பின் ஸீட்டில் வைத்து மெதுவாக ஆபீசுக்கு ஓட்டி வந்தார்களாம். ஒரு பச்சைக் குழந்தை செய்த உபகாரம்! பிள்ளை பெற்றவள் வேலைக்கு ஆக மாட்டாள் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது படத்தில் ஜெஸ்ஸி என்று ஒரு பெண் பொம்மை வருகிறாள். எமிலி என்ற குழந்தைக்கு அவள்தான் உயிர். எமிலி வளர்கிறாள். நகத்துக்குப் பாலிஷ், பாட்டு, தோழிகளோடு போன் என்று ஆகிவிடுகிறது. ஜெஸ்ஸி கட்டிலுக்கு அடியில் விழுந்து வருஷக்கணக்காகக் கிடக்கிறாள். ஒரு நாள் எமிலியின் கை அவளை எடுக்கிறது. ஆஹா, மறுபடியும் விளையாட்டு என்று நினைக்கிறாள் ஜெஸ்ஸி. ஆனால் அவளை ஒரு அட்டைப் பெட்டிக்குள் போட்டுத் தெருவோரம் தானமாக வைத்துவிட்டுப் போய்விடுகிறாள் எமிலி. இந்தக் காட்சி முழுக்கப் பாட்டுதான், வசனமே கிடையாது.

என் மாமியாருக்கு எழுபத்துநாலு வயசு. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. "கட்டிலுக்கு அடியில போட்டுட்டாளே!" என்றார் முதலில். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், "பிள்ளைங்க வளர்ந்தா இப்படித்தான். யார் மேலயும் தப்பு இல்ல" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பகலெல்லாம் சமையல், துணி, சின்னவளின் பாடம் என்று ஓடுகிறேன். அவர் பாட்டுக்கு அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கடைசியாக அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பேசியது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

இந்தப் படங்கள் பெரியவர்களை ஏன் இப்படி ஆட்டிவைக்கின்றன என்பது எனக்கு அந்த ராத்திரிதான் புரிந்தது. குழந்தை இந்தப் படத்தைப் பார்க்கும்போது பொம்மைகளைத் தன் சிநேகிதர்களாகப் பார்க்கிறது. சின்ன வயசில் எல்லாப் பொருளுக்கும் உயிர் உண்டு என்று நம்புவது குழந்தையின் சுபாவம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஜான் பியாஜே என்ற அறிஞர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பெரியவர்களான நமக்கோ அந்தப் பொம்மைகள் பெற்றோராகத் தெரிகின்றன. யோசித்துப் பாருங்கள். குழந்தை சிரிக்க வேண்டும், பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இருப்பவர்கள். அது வளர வளரத் தங்கள் தேவை குறையும் என்று தெரிந்தும் இருப்பவர்கள். அந்தப் படத்திலேயே வுடியிடம் ஒரு கேள்வி வருகிறது: கண்ணாடிப் பெட்டிக்குள் மியூசியத்தில் எப்போதும் அழியாமல் இருப்பதா, என்றாவது ஒரு நாள் விட்டுவிடப்போகும் ஆண்டியிடம் திரும்பிப் போவதா? வுடி ஆண்டியைத் தேர்ந்தெடுக்கிறான். நம்மில் யார்தான் வேறு மாதிரி சொல்வோம்?

மூன்றாவது படம் 2010ல் வந்தது. முதல் படத்தைக் குழந்தையாகப் பார்த்தவர்கள் அதற்குள் காலேஜ் வயசுக்கு வந்துவிட்டார்கள். ஆண்டிக்கும் அதில் 17 வயசு. காலேஜுக்குக் கிளம்புகிறான். பரணில் வைப்பதற்காக அவன் ஒரு பையில் போட்டு வைத்த பொம்மைகளை, குப்பை என்று நினைத்து அவன் அம்மா தெருவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறாள்.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. ஏனென்று சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வீடு மாற்றினோம். பெரியவனுக்கு அப்போது ஆறு வயசு. ஒரு துணி யானை வைத்திருந்தான். ஒரு காது பாதி பிய்ந்து, பஞ்சு வெளியே வந்து, நிறமே தெரியாமல் அழுக்காகிவிட்ட யானை. அது இல்லாமல் தூங்க மாட்டான். வீடு காலி பண்ணுகிற அவசரத்தில், "இந்தக் குப்பை எதுக்கு?" என்று பழைய பேப்பர்காரரின் வண்டியில் போட்டுவிட்டேன். ஆண்டியின் அம்மா மாதிரி தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தேன். புது வீட்டில் மூன்று ராத்திரி, "யானை எங்கம்மா?" என்று கேட்டான். "சாமான் ஏத்தும்போது தொலஞ்சு போச்சுடா கண்ணா" என்று பொய் சொன்னேன். நாலாம் நாள் கேட்கவில்லை. மறந்துவிட்டான் என்று நிம்மதியாகிவிட்டேன்.

படத்தின் கடைசியில் ஆண்டியின் அறை காலியாகிவிடுகிறது. அம்மா உள்ளே வந்து பார்க்கிறாள். வெறும் சுவர். அவளுக்குப் பேச்சு வரவில்லை. பெட்டிக்குள் இருந்து வுடி அதைப் பார்க்கிறான். பெற்ற அம்மாவே பிள்ளையை அனுப்பி வைக்கிறாள் என்றால், நாமும் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான் என்று அவனுக்கு அப்போது புரிகிறது போலும். பக்கத்துத் தெருவில் இருக்கும் போனி என்ற சின்னக் குழந்தையிடம் பொம்மைகள் போய்ச் சேரும்படி பெட்டியின் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுகிறான். ஆண்டி ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, அதன் பெருமையைச் சொல்லி, போனியின் கையில் கொடுக்கிறான். வுடியைக் கொடுக்கும்போது மட்டும் கை ஒரு நிமிஷம் பின்வாங்குகிறது.

என் வீட்டிலும் ஒரு காலி அறை இருக்கிறதே! படம் முடிந்ததும் மணி பத்தரை. ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். "என்னம்மா, இந்த நேரத்துல?" என்று பதறினான். "ஒண்ணும் இல்லடா. உன் யானை... அது தொலையல. நான்தான் பேப்பர்காரர் வண்டியில போட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "தெரியும்மா. மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். வண்டியில அதோட காது தெரிஞ்சுது" என்றான்.

"அப்புறம் ஏன்டா மூணு நாள் என்கிட்ட கேட்டே?"

"நீ போய்த் திரும்ப வாங்கிட்டு வருவேன்னு நினைச்சேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "விடும்மா, சாப்டியா?" என்று பேச்சை மாற்றினான். எனக்குத்தான் அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆறு வயசுக் குழந்தை மூன்று நாள் என்னை நம்பிக் காத்திருந்திருக்கிறான். நான் அதை மறதி என்று நினைத்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் டொனால்ட் வின்னிகாட் என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். மனோதத்துவமும் படித்தவர். குழந்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் துணி, பொம்மை இவற்றைப் பற்றி 1950களின் தொடக்கத்தில் அவர் எழுதியது பிரசித்தம். அம்மாவை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கப் பழகும்போது, அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு பாலம் போல அந்தப் பொருளைக் குழந்தை வைத்துக்கொள்கிறதாம். அந்த வாசனை மாறிவிட்டால் குழந்தைக்கு அந்தப் பொருளே மாறிவிட்ட மாதிரி. அதனால்தான் அது அழுக்காகி நாறினாலும் பல தாய்மார்கள் துவைக்காமல் விட்டுவைக்கிறார்கள் என்றும் சொல்கிறார். நாளாக ஆகக் குழந்தை தானாகவே அதை விட்டுவிடுமாம். ஆண்டி 17 வயசில் தன் கையால் கொடுத்தான். என் பிள்ளைக்கு அந்த வாய்ப்பை நான் கொடுக்கவில்லை.

நான்காவது படத்தில் போனி, பள்ளிக்கூடம் போகும் முதல் நாள் பயத்தில், குப்பைக் கூடையிலிருந்து வந்த ஒரு பிளாஸ்டிக் முள் கரண்டிக்குக் கண் ஒட்டி, கை வைத்து ஒரு பொம்மை செய்கிறாள். கடையில் வாங்கியதையெல்லாம் விட அதுதான் அவளுக்கு உசத்தியாகிவிடுகிறது. பெரியவர்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவது குழந்தைக்கு என்னவென்று நமக்கு எப்படித் தெரியும்?

சரி, அழுதது போதும். காரியத்துக்கு வருவோம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதும், படித்துத் தெரிந்துகொண்டதும் இவை:

பொம்மைகளைக் கழிக்கும்போது குழந்தையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்று அதுவே சொல்லட்டும். முடிந்தால் அதன் கையாலேயே இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிடித்தமான பொம்மையைத் துவைக்க வேண்டுமா? முதலில் குழந்தையிடம் சொல்லிவிட்டு, காலையிலேயே துவைத்துப் போடுங்கள். ராத்திரி படுப்பதற்குள் காய்ந்துவிட வேண்டும்.

ஒரு வயசுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் துணி பொம்மை, தலையணை எதுவும் வேண்டாம். மூச்சு முட்டும் அபாயம் உண்டு. மூன்று வயசுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பட்டன் கண் வைத்த பொம்மை வேண்டாம். பிய்ந்து வந்தால் நேரே வாய்க்குள் போகும்.

இந்தப் படங்களைக் காட்டும்போது நீங்களும் கூட உட்காருங்கள். முதல் படத்தில், பொம்மைகளைப் பிய்த்து ஒட்டவைக்கும் சிட் என்ற பையனின் அறையும், மூன்றாவது படத்தில் குப்பை எரிக்கும் உலையும் சின்னக் குழந்தைகளைப் பயமுறுத்தும். குழந்தை பயந்தால், "சும்மா படம்தானே" என்று அடக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த உலைக் காட்சியில் பொம்மைகளும் அதைத்தான் செய்கின்றன.

இன்னொன்று. பொய் சொல்லி ஒரு பொருளை மறைத்திருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

போன வாரம் பெரியவன் லீவுக்கு வந்திருந்தான். நான் ஒரு துணி யானை தைத்து வைத்திருந்தேன். பழைய பாவாடைத் துணி, தும்பிக்கை கொஞ்சம் கோணல். பார்த்துவிட்டு, "இது அது இல்லம்மா" என்றான். எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தால், யானையைத் தங்கை கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கோ. அம்மா கண்ணுல மட்டும் படாம வச்சுக்கோ!" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போதெல்லாம் சாயங்காலம் காப்பி டம்ளரோடு அந்த ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் நானும் ஒரு முக்காலி போட்டுக்கொள்கிறேன். அவர் சின்ன வயசு மரப்பாச்சிக் கதை ஒன்று பாதியில் நிற்கிறது. போய்க் கேட்க வேண்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம். வரட்டுமா?